ஃபோர் வீல் போடு, மாப்ள!

பொட்டிப்புரத்திலிருந்து மேற்கே மலையேறி இறங்கினால் கேரளம். அந்தப் பக்கம் உடும்பன்சோலையின் ஏலத்தோட்டங்கள். இந்தப் பக்கம் சோளமும் மொச்சையும் விளையும் மானாவாரிக் காடு. நேராக ஏறிப்போக ரோடு கிடையாது. வண்டியில் போகிறவர்கள் வடக்கே போடிமெட்டு வழியாகவோ, தெற்கே கம்பம்மெட்டு வழியாகவோ சுற்றித்தான் போயாக வேண்டும். தேனி மாவட்டத்தில் ஜீப்புக்கு இத்தனை மரியாதை வந்ததற்கு முதல் காரணம் இந்தச் சுற்று. மெட்டு ஏறிய பிறகு ரோட்டை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் நுழைய வேண்டுமே, அது இரண்டாவது காரணம்.

தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றை மட்டும் அனுப்பிவைக்கும். ஆடியில் தேவாரம், பொட்டிப்புரம் பக்கம் போனால் காற்றாலைகள் சுற்றுகிற சத்தத்தோடு செம்மண் புழுதியும் சேர்ந்து வரவேற்கும். வறண்ட ஊர் என்றதும் பாலைவனம்போல ஒட்டகமும் மணல்மேடும் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். சரளை, வேலிக்கருவை, தண்ணீர் ஓடி ஓடிப் பள்ளமான வண்டித்தடம், நடுவில் திடீரென்று குறுக்கிடும் வறண்ட ஓடை. ஆனால் வண்டி ஓட்டுகிறவனுக்கு ராஜஸ்தானில் என்னென்ன கவலையோ, அதில் பாதி இங்கேயும் உண்டு.

பொட்டிப்புரத்தின் பெயர் டெல்லி வரை போனதில் இந்த வறட்சிக்கும் பங்குண்டு என்று சொன்னால் அதில் பொய்யில்லை. நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத்துக்கு இடம் தேடிய விஞ்ஞானிகளுக்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் பாறை மூடிய குகை தேவைப்பட்டது. சார்னோகைட் என்ற உறுதியான பாறையும், மழை குறைந்த மலையும் அவர்களுக்கு இங்கே ஒருசேரக் கிடைத்தன. அம்பரப்பர் மலையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைந்து, உள்ளே 50,000 டன் எடையுள்ள காந்த இரும்பைப் பொருத்துவது திட்டம். சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தலையசைத்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கு. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தியது, 2018 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதித்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் இது புலிகள் நடமாடும் மலைத்தொடர், இங்கே வேண்டாம் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மலை இன்னும் குடையப்படவில்லை. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி எழுந்த வேலி மட்டும் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆக, 1,500 கோடித் திட்டத்துக்குக்கூட வழிவிடாத மலை இது. அதைத் தினமும் சுற்றி ஏறி இறங்குகிறவர்கள் கையில் இருப்பது பழைய மஹிந்திரா.

இரண்டாம் உலகப் போருக்காக 1941இல் அமெரிக்க ராணுவம் வில்லிஸ் நிறுவனத்திடமும் ஃபோர்டிடமும் செய்யச் சொன்ன வண்டிதான் ஜீப். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 1940களின் கடைசியில் மஹிந்திரா அதைப் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தது. இதிலிருந்து பிறந்த மேஜர், கமாண்டர் மாடல்கள் நகரத்துத் தெருக்களிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டன. போடியில் மறையவில்லை. முன்னும் பின்னும் இரும்புப் பட்டை ஸ்பிரிங், சுத்தியல் அடிக்கு அசையாத சேஸிஸ், எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடக்கூடிய டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர் இல்லாத வண்டி என்பதுதான் இதன் மிகப் பெரிய வசதி. உடும்பன்சோலைத் தோட்டத்துக்கு நடுவில் சென்சார் கோளாறு என்று விளக்கு எரிந்தால் யாரைக் கூப்பிடுவது?

ஓட்டுகிற விதத்தைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். பெரிய கியர் ராடுக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு ராடு இருக்கும். பழைய மாடல்களில் இரண்டு. ஒன்று முன்சக்கரங்களையும் எஞ்சினோடு சேர்த்துவிடும். அடுத்தது ‘லோ’ போட. லோ விழுந்தால் சக்கரம் சுற்றும் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும், இழுவை அதே அளவுக்குக் கூடும். ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி பாறைமேல் ஏறும். இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். ஃபர்ஸ்ட் கியரில் விட்டுவிட்டு பிரேக்கைத் தொடாமல் உட்கார்ந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் கிளட்சை மிதித்துவிடுவார்கள். மிதித்த அந்தக் கணத்தில் பிடிமானம் போய் வண்டி தானாக ஓட ஆரம்பிக்கும்.

ஃபோர் வீல் என்பதால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று நினைப்பதும் தப்பு. சாதாரண டிஃபரன்ஷியல் சோம்பேறி. எந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்புக் குறைவோ அதற்கே சக்தியைக் கொடுத்துவிடும். குறுக்கும் நெடுக்குமான பள்ளத்தில் முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் எதிர்மூலைச் சக்கரமும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டால், அவை இரண்டும் அந்தரத்தில் சும்மா சுற்றும். மீதி இரண்டும் சும்மா நிற்கும்.

நண்பன் தேவைப்படுகிற இடம் அது. பக்கத்து சீட்டில் இருப்பவன் குதித்து இறங்கி, முதலில் பின்சக்கரத்துக்கு ஒரு அண்டக்கல் கொடுக்க வேண்டும். வண்டி பின்னால் உருளாது என்று உறுதியான பிறகு பள்ளத்தில் கல் நிரப்ப வேண்டும். அப்புறம் முன்னால் போய் நின்று கையைக் காட்ட வேண்டும். “வலது ஒடி மாப்ள... இன்னும்... நேராக்கு. விடு, விடு, போதும்!” ஓட்டுகிறவனுக்கு பானெட்டுக்குக் கீழே இருக்கிற எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கை மட்டும். கையை நம்பாதவன் தானும் கவிழ்வான், வண்டியையும் உடைப்பான். கூட வருகிறவன் செல்போனில் வீடியோ எடுக்கிற ஆளாக இருந்தால் தனியாகப் போவதே மேல்.

உலகத்தின் பெரிய பாலைவனப் பந்தயங்களும் கடைசியில் இந்த இரண்டு சீட்டுக் கணக்கில்தான் நிற்கின்றன. 1977இல் தியெரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு வழி தவறி, செத்துப் பிழைத்தார். ஊர் திரும்பி மூச்சு வாங்கியவர், மற்றவர்களையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்தார்! 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து செனகலின் டக்கார் நகருக்குப் புறப்பட்டது முதல் டக்கார் பந்தயம். ஆப்பிரிக்காவில் பாதுகாப்பு கெட்டதால் 2009இல் தென் அமெரிக்காவுக்கும், 2020இல் சவூதி அரேபியாவுக்கும் அது இடம் மாறியது. காரில் போகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி உட்கார்ந்து திசையும் தூரமும் சொல்லிக்கொண்டே வருவார். பைக்கில் போகிறவருக்கு அந்தத் துணையும் கிடையாது. வழிக்குறிப்பையும் அவரே பார்க்க வேண்டும், மணலையும் அவரே சமாளிக்க வேண்டும். 2024 டக்காரில் அப்படித் தனியாக ஓட்டி ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தவர் ஹரித் நோவா. கேரளத்தின் ஷொர்ணூர்க்காரர். ஓட்டியது ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக, அதாவது நம் ஓசூர் டி.வி.எஸ்.ஸுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு.

மணலுக்கும் மலைக்கும் சூத்திரம் நேர் எதிர். மணலில் டயர் காற்றைப் பாதிக்குக் கிட்ட இறக்கிவிடுவார்கள். டயர் அகலமாகப் படிந்தால்தான் வண்டி மேலாக மிதக்கும். மேடு ஏறும்போது வேகத்தை விடவே கூடாது. இங்குள்ள பாறைப் பாதையில் யாராவது அந்த வேகம் காட்டினால் பட்டை முறியும், இல்லாவிட்டால் ஆக்சில் ஹவுசிங் உடையும். மணலில் நின்றால் புதையும், பாறையில் பறந்தால் உடையும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து ஓட்டுவது. மானம் பார்த்து இறங்காதவர்களைத்தான் டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக்கும் ஒரு பாலைவனம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு. காற்று அள்ளிக் குவித்த செம்மணல் மேடுகள். குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு என்பதால் அங்கே ஆசைக்கு வண்டி விட முடியாது. சென்னைக் குழுக்கள் பாலாற்று மணலில் போட்டி வைத்துப் பார்த்தன. மழையும் சேறும் கேட்பவர்களுக்கு மலேசியாவில் 1997இல் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் 2014இல் கோவாவுக்கும் வந்தது. இவற்றையெல்லாம் விளையாட்டு என்கிறோம். ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, கோப்பை உண்டு.

தேவாரத்தில் விடியுமுன் புறப்படுகிற ஜீப்பில் இவை எதுவும் இல்லை.

தூக்குச் சட்டியோடு ஏறுகிறவர்கள்

போடி, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, கம்பம் என்று பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம் முழுக்க விடியற்காலையில் ஒரே காட்சிதான். கையில் தூக்குச் சட்டி, தலையில் கட்டிய துண்டு, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. முக்கால்வாசிப் பேர் பெண்கள். “அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க” என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளே தள்ள இடமே இருக்காது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையோ, கம்பம்மெட்டு வளைவுகளையோ ஏறி, சாந்தன்பாறை, பூப்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களில் களையெடுத்து, காயெடுத்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். காய் எடுப்புக் காலத்தில் வண்டியும் கூடும், வண்டிக்குள் ஆளும் கூடும்.

இந்தியாவின் ஏலக்காயில் பெரும்பகுதி இடுக்கியில் விளைகிறது. ஏலம் போவது புற்றடியிலும் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடத்தில். காய்க்குத் தரம் பிரிக்க சல்லடை உண்டு, விலைக்கு நொடிக்கு நொடி திரை உண்டு. அந்தக் காயை எடுத்த கைகள் எப்படி மலையேறின என்பதற்கு எந்தத் திரையும் இல்லை. விபத்து நடந்தால் மட்டும் மறுநாள் செக்போஸ்டில் ஆள் எண்ணுவார்கள். ஒரு வாரம் கழித்துப் பழையபடி ஆகிவிடும்.

ஜீப் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்கள் இரண்டு முறை பார்த்துவிட்டன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது எல்லை அடைபட்டது. தோட்டங்களில் மாட்டிக்கொண்ட தமிழ்த் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு காட்டுவழியே தேவாரம், போடிப் பக்கம் இறங்கி ஓடிவந்தார்கள். அடுத்தது 2020. கொரோனா ஊரடங்கில் சாவடிகள் மூடியதும், மறுபடியும் அதே காட்டுப்பாதை. மார்ச் 24 அன்று அப்படி நடந்து இறங்கியவர்கள் ராசிங்காபுரம் மலையில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. ராசிங்காபுரம் பொட்டிப்புரத்துக்குப் பக்கத்து ஊர். நாடே தொற்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் இந்தச் செய்தி உள்பக்கத்தோடு போய்விட்டது.

நம் மலை, அவர்கள் ஸ்டாண்டு

சுற்றுலாவுக்கு இந்த மாவட்டத்தில் ஜீப் என்றால் எல்லோர் வாயிலும் வருவது கொழுக்குமலை. ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டம், 1930களில் எழுந்த தொழிற்சாலை, எட்டிப்பார்த்தால் கீழே போடிச் சமவெளி. தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் தேனியிலிருந்து நேராக அங்கே வண்டி போக முடியாது. போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லி போய், அங்கே இருக்கிற ஜீப் ஸ்டாண்டில் வண்டி பிடிக்க வேண்டும். சொந்த வண்டியை விட மாட்டார்கள். லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய புது மஹிந்திரா தாரை ஓரமாக நிறுத்திவிட்டு, அதன் முதலாளி பழைய கமாண்டரின் பின்சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிற காட்சியை அங்கே எந்த வார இறுதியிலும் பார்க்கலாம்.

சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பதால் நாலு, நாலரை மணிக்கே வண்டிகள் வரிசையாகக் கிளம்பும். முதலில் தேயிலைக்கு நடுவே நல்ல பாதை. பிறகு பாதை என்று சொல்ல மனம் வராத பாறைக்குவியல். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். உள்ளே இருப்பவர்கள் முதல் பத்து நிமிடம் கத்துவார்கள், அடுத்த பத்து நிமிடம் சிரிப்பார்கள், பிறகு மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வருவார்கள். டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எதிரே இறங்குகிற வண்டிக்காரரிடம் நேற்றைய டிரிப் கணக்கைக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்தப் பாறையில் எந்த டயர் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தப் பாடத்தை அவரோ, அவருக்கு முந்தைய தலைமுறையோ ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றித்தான் படித்தது.

ஒரு காலத்தில் மலைச்சரக்கு பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பக்கம்தான் இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, 1908இல் அது குறுகிய ரயில்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடி. 1924 வெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு 1928இல் போடிக்கு ரயில் வந்தது, 2010இன் முடிவில் அகலப்பாதைக்காக நின்றது, 2023 ஜூனில் திரும்ப வந்தது. கொட்டகுடிக் கம்பிவடம் திரும்ப வரவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் அடிவாரத்துக் குரங்கணியோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கொழுக்குமலை வரை நடைதான்.

அந்த நடைப்பாதையில்தான் 2018 மார்ச் 11 தீவிபத்து நடந்தது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த மலையேற்றக் குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது, காய்ந்த போதைப்புல்லில் தீ பரவியது. 23 பேர் பலி. முதலில் மேலே ஓடி மீட்டவர்கள் குரங்கணி, கொட்டகுடி மக்கள். காயம்பட்டவர்களை டோலி கட்டித் தூக்கிவந்து, ரோடு தொடங்கும் இடத்தில் ஜீப்பில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அரசு விதிமுறை கொண்டுவந்தது. இன்று அனுமதிச் சீட்டும் வனத்துறை வழிகாட்டியும் இல்லாமல் யாரும் மலையேறக் கூடாது. 2024இல் மாநிலம் முழுக்க 40 தடங்களை அரசே திறந்து, பதிவு செய்து போகிற முறையும் வந்தது.

ஜீப்புக்கும் அப்படியொரு நாள் வந்தது, கேரளத்தில். 2025 ஜூலையில் மூணாறு அருகே சுற்றுலா ஜீப் கவிழ்ந்து தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இறந்தார். இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்கு மொத்தமாகத் தடை போட்டது. வண்டியின் தகுதி, டிரைவரின் அனுபவம், காப்பீடு எல்லாம் சரிபார்த்துத்தான் படிப்படியாக விட்டார்கள். தேவையான வேலை, அதில் இரண்டாம் கருத்தில்லை. ஒன்றுதான் உறுத்துகிறது. காசு கொடுத்துக் குலுங்கப் போகிற ஆறு பேருக்குச் சோதனை உண்டு. கூலிக்காகக் குலுங்கப் போகிற பதினைந்து பேருக்கு அந்தச் சோதனை ஏன் இல்லை? ஆறு பேர் உள்ள வண்டி சவாரி, பதினைந்து பேர் உள்ள வண்டி வேலை என்று கணக்கு வைத்திருப்பது இரண்டு மாநிலத்துக்கும் வசதியாக இருக்கிறது. தோட்ட முதலாளிக்கு ஆள் வந்து சேர்ந்தால் போதும். தமிழ்நாட்டுக்கு அது கேரளத்து வேலை, கேரளத்துக்கு அது தமிழ்நாட்டு வண்டி.

போடிமெட்டிலிருந்து மூணாறுக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தி 2024 தொடக்கத்தில் திறந்துவைத்தார்கள். கார்கள் இப்போது வழுக்கிக்கொண்டு போகின்றன. போடிக்கும் கம்பத்துக்கும் நடுவே இருக்கிற தேவாரம், பொட்டிப்புரம்காரர்களுக்கு அதனால் சுற்று குறையவில்லை. அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்பது சாக்குலூத்து மெட்டுச் சாலை. தேவாரத்திலிருந்து நேரே ஏறி உடும்பன்சோலைப் பக்கம் சேரும் வழி. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியில் அது வரும். முன்னோர்கள் கழுதையில் சுமையேற்றிப் போன தடம்தான், புதிதாகக் காட்டைத் திறக்கச் சொல்லவில்லை என்பது ஊர்க்காரர்கள் வாதம். வனத்துறைக்கு அது யானையும் புலியும் நடக்கிற காடு. நியூட்ரினோவுக்கு எதிராக எந்தப் புலியைச் சாட்சிக்கு அழைத்தார்களோ, அதே புலி ரோட்டுக்கும் எதிர்சாட்சி. இரண்டு கோரிக்கையிலும் நியாயம் இருப்பதால் கோப்பு நகரவில்லை.

அந்தச் சாலை வரும்வரை தேவாரத்து ஜீப்புகள் கம்பம்மெட்டையே சுற்றும். போன தீபாவளிக்குப் புதுப் பட்டை மாற்றிய வண்டியென்றால் அடுத்த தீபாவளிக்கு மறுபடி மாற்ற வேண்டியிருக்கும் என்பது அங்குள்ள மெக்கானிக்குகள் போடுகிற கணக்கு.